பலெர்மோவில் நான் தலையாட்டிய ஞாயிறு

இதை எழுத எனக்கு ஆறு வருடம் பிடித்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கடிதத்தைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. தவக்காலத்தில் பலெர்மோவின் புனிதை ரோசாலியா அம்மாளுக்கு நேர்த்தி செலுத்தப் போனவன், ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு நோன்பு திறக்க நேரம் பார்த்துக் கொடுத்தான் என்று எழுதினால், எங்கள் கோயில் பங்கில் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்களே என்று பயந்தேன். கடைசியில் எங்கள் குருவானவரிடமே கேட்டேன். "நடந்ததுதானே, எழுது" என்றார்.

1993 மார்ச், தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன், நாங்கள் அப்போதிருந்த நாப்போலியில் ரயில் ஏறினேன். பலெர்மோ சுமார் எழுநூறு கிலோமீற்றர். இரண்டாம் வகுப்புச் சீட்டு ஐம்பத்தையாயிரம் லீரா. மனைவி ஒப்பரேஷனில் பிழைத்தால் மூன்று நாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடித்து, அம்மாளின் குகைக் கோயிலுக்கு நடந்து ஏறுவதாக நேர்ந்திருந்தேன். பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் ஞாயிறாக வந்தது. ஞாயிறில் ஒருசந்தி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நேரும்போது நான் கிழமை பார்க்கவில்லை, அதனால் அன்றும் பிடிப்பதென்றே இருந்தேன்.

எனக்கு எதிர் இருக்கையில் ஓர் இளைஞர். நெட்டை ஆள், அவர் முழங்கால் என் இருக்கையில் இடித்தது. பெயர் தாரிக், வயது இருபது, ஊர் எகிப்தின் அலெக்சாந்திரியா. இருவருக்கும் இத்தாலியன் அரைகுறை. என்ன வேலை என்று கேட்டேன்.

"பாஸ்கெத்" என்றார். கூடை என்றுதான் எனக்கு விளங்கியது.

என் மச்சான் யூட், அதாவது மனைவியின் தம்பி, பலெர்மோவுக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறான். அது பழம் பறிக்கும் காலம். எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று.

"என் மச்சானும் அதே வேலைதான், தம்பி."

"அப்படியா? எவ்வளவு உயரம்?"

"என் தோளளவுதான்."

"அப்படியென்றால் மிகவும் வேகமானவராக இருக்க வேண்டும்."

"ஒரு நாளைக்கு நாற்பது கூடை போடுவான்."

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "நாற்பதா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு தன் விரல்களில் எதையோ எண்ணிப் பார்த்தார்.

மத்தியானம் வில்லா சான் ஜொவான்னியில், கடலைத் தாண்டுவதற்காக, ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். எல்லாரும் மேல்தட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். என் ரொட்டியையும் சம்பலையும் அவரிடம் நீட்டினேன், வேண்டாம் என்றார். அவர் பேரீச்சம்பழத்தை நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். இருவரும் வெட்கப்படுகிறோம் என்று இருவருமே நினைத்தோம். பிறகுதான் விளங்கியது: அவருக்கு ரமழான், எனக்கு ஒருசந்தி. இரண்டு பேருக்கும் பொழுது பட்ட பிறகுதான் சாப்பாடு.

மெஸ்ஸீனா தாண்டியதும் அவர் கதை முழுவதும் கேட்டேன். பதினான்கு வயதில் ஒரு கழகத்தில் சேர்ந்தாராம். பதினெட்டில் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினாராம். இந்த இடத்தில் எனக்கு இலேசாக ஒரு சந்தேகம் வந்தது. இத்தாலியில் ஓர் அணி விரல் முறிந்ததும் அனுப்பிவிட்டது. இன்னொன்று இரண்டே நாளில் வேண்டாம் என்றது. பலெர்மோ மூன்றாவது. ஞாயிறு ஒரு பரீட்சை ஆட்டம். பிடித்தால் ஒப்பந்தம், இங்கே தங்கப் பெர்மெஸ்ஸோ அனுமதி. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை விமானம். அந்தச் சீட்டு ஏற்கெனவே அவர் பையில் இருந்தது.

செபாலு பக்கம் வரும்போது இருட்டியது. சேர்ந்து சாப்பிட்டோம். கட்டச் சம்பல் அவர் கண்ணில் நீர் வரவைத்துவிட்டது. என் தண்ணீரையும் அவரே குடித்தார்.

பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் யூட் காத்து நின்றான். தாரிக்கை அண்ணாந்து பார்த்தான்.

"அத்தான், இவரைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா ஏணி தேவையில்லை."

தாரிக் அவன் கையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே நாற்பதா என்று கேட்டார்.

"ஓம். ஆள் குறைஞ்ச நாளிலை ஐம்பதும் வரும்."

தாரிக் கைகளை உயர்த்திக் கூடைக்குள் பந்து எறிவதுபோல் காட்டினார். யூட் முதுகில் கூடை சுமப்பதுபோல் காட்டினான். மூன்று பேரும் நடைமேடையில் நின்று சிரித்த சிரிப்பில் காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை மலை ஏறினேன். பாதை கல்லுப் பாவியது, வளைந்து வளைந்து போகிறது. இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. குகையில் பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரக் குழாய்களால் பிடிக்கிறார்கள். மனைவிக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். கையில் இன்னொன்று இருந்தது. அதை அந்தப் பிள்ளைக்காகக் கொளுத்தினேன்.

அன்று மாலை தாரிக் யூட்டின் அறைக்கு வந்தார், முகம் வாடி. பயிற்சியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இரண்டாம் பாதி தொடங்கும் முன் தண்ணீர் குடிக்காவிட்டால் களத்தில் இறக்க மாட்டேன்.

"ஆட்டம் ஐந்தரைக்கு. இடைவேளை ஆறு மணி கடந்து. பொழுது படுவதும் அப்போதுதான். மண்டபத்தில் ஜன்னல் இல்லை" என்றார் தாரிக்.

"மணிக்கூட்டைப் பாருங்கோவன்" என்றான் யூட்.

"ஊகித்துத் திறக்க மாட்டேன். கண்ணால் கண்ட ஒருவர் சொல்ல வேண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் போனால் போதாது. கிழக்கே இருள் ஏற வேண்டும்."

நான் மன்னாரில் கடலுக்குப் போனவன். கிழக்கு எனக்குத் தெரியும். நான் பார்க்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் யூட்டும் போனோம், நகர் நடுவே பொலிதேயாமா சதுக்கத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். மண்டபத்தில் சில நூறு பேர், ஒரு மேளம். மெஸ்ஸீனாக்காரர் எதிரணி. தாரிக் களத்தில் இறங்காமல் ஓரத்து வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு நான் வெளியே போய்க் கடல் தெரியும் மூலையில் நின்றேன். மலைக்குப் பின்னால் சூரியன் எப்போதோ இறங்கிவிட்டது. கிழக்கே இன்னும் வெளிச்சம். செபமாலையில் ஒரு பத்து முடித்தேன். பிறகு கடலுக்கு மேலே நீலக் கறுப்பு எழும்பியது. நான் கண்டேன்.

உள்ளே ஓடினேன். இடைவேளை முடியப்போகிறது. எதிர்ப்பக்க வாங்கிலிருந்து தாரிக் என்னையே பார்த்தார். ஓம், ஆயிற்று என்று தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. பயிற்சியாளர் நீட்டிய போத்தலைத் தள்ளினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் பலமாக ஆட்டினேன்.

"அத்தான், ஆட்டாதேங்கோ" என்றான் யூட். "நாங்கள் ஓம் எண்டு ஆட்டுறது அவங்களுக்கு இல்லை எண்டு போகுது. கையைக் காட்டுங்கோ."

கையைக் காட்டினேன். பொறுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேளச் சத்தத்தில் கத்தியும் பயனில்லை. பயிற்சியாளர் வேறொருவரை எழுப்பினார்.

யூட்டின் பையில் மந்தரின் இருந்தது. ஒன்றை எடுத்து உரித்தேன். தாரிக் கண் திறந்து பார்த்தபோது, அவர் காணும்படி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் படாத என் வாயில் அதை முழுதாகப் போட்டேன். சாறு தாடையில் வழிந்தது.

பொழுது படாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் போத்தலைப் பறித்துக் குடித்தார். யூட் எழுந்து ஒரு மந்தரினை எறிந்தான். அதை ஒற்றைக் கையால் பிடித்தார். உரித்ததும் தெரியவில்லை, தின்றதும் தெரியவில்லை. களத்துக்குள் போய்விட்டார்.

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்பது புள்ளி பின்னால் நின்ற அணி, நான்கு புள்ளியால் வென்றது. அவர் எம்பினால் எப்போது இறங்குவார் என்று நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மேளக்காரன் மேளத்தை விட்டுவிட்டுக் கையைத் தட்டினான். யூட் கூடைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். "இவருக்குச் சியாகுல்லி சரிவராது, அத்தான். இவரின்ரை கூடைக்குள்ளை விழுறதெல்லாம் கீழாலை போகுது" என்றான்.

ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலத்தில் தாரிக் வெளியே வந்தார். கையில் ஒரு தாள். முதலில் என்னைத் தூக்கினார், பிறகு யூட்டை. தூக்கியபடியே அழுதார்.

திங்கட்கிழமை விமானம் அவர் இல்லாமல் போனது. என்னை ரயிலேற்ற வந்தார். அலெக்சாந்திரியாவுக்கு அழைப்பு எடுத்தாராம், தாய் நம்பவில்லையாம். அந்த அணியில் இரண்டு வருடம் ஆடினார். இப்போது வடக்கே பெரிய அணி ஒன்றில் இருக்கிறார். தன் நாட்டு அணியின் சட்டையும் போட்டுவிட்டார். அன்று ரயில் நகர்ந்தபோது நான் நினைத்தேன்: என் நேர்த்தியைத் தீர்க்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன், ஆனால் அம்மாள் என்னை இன்னொரு வேலைக்கும் எதிர்பார்த்திருக்கிறா.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பலெர்மோவில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. அவர் நாற்பது புள்ளி எடுத்தாராம். மண்டபத்துக்குள் அம்மாளின் மணி கேட்டதாம். அவர் ஞானஸ்நானம் பெற்றாராம். அப்படி ஒன்றும் இல்லை. அவர் எடுத்தது பதினேழு. கேட்டது மேளம். அவர் அன்றும் இன்றும் நோன்பு பிடிக்கிற முஸ்லிம். நான் செபமாலை சொல்கிற கத்தோலிக்கன். அம்மாளின் பெருமைக்குப் பொய் தேவையில்லை. அதனால் யாருக்காவது இதைச் சொல்வதானால் பதினேழு என்றே சொல்லுங்கள். என் தலையால் அந்தப் பிள்ளையின் பிழைப்பே போகப் பார்த்தது என்பதையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.