தட்டோடு வந்து போகிறவள்

எங்கள் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இந்தத் தவணைக் கட்டுரைக்கு அவள் எடுத்த பொருள், ஹொலிவூட்டின் ஆரம்பகாலக் காதல் நகைச்சுவைப் படங்களில் யாருக்குக் காதலிக்க இடம் இருந்தது என்பது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கும் பிடிக்கும். கொக்குவில் வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து இருவருமாகப் பார்ப்போம்.

அன்று பார்த்த படத்தில் பணக்காரப் பெண்ணுக்கும் லொறி ஓட்டுபவனுக்கும் ஓயாத சண்டை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மகள் படத்தை நிறுத்தினாள்.

“அப்பா, உந்தக் கோப்பித் தட்டோடை வந்த மனிசி எங்கை போறா?”

“குசினிக்கு. வேறை எங்கை?”

“அவவை ஒருத்தரும் விரும்பேல்லையோ?”

“பகிடிப் படத்துக்கு உவ்வளவு விசாரணையோ?”

தட்டோடு வந்தவள் கறுப்பினப் பெண். கறுப்பரும் வெள்ளையரும் காதலிப்பதைக் காட்டக்கூடாது என்று அந்தக் காலத்தில் விதியே எழுதி வைத்திருந்தார்களாம். சீனப் பாத்திரம் என்றாலும் வெள்ளைக்காரரே கண்ணை மாற்றி ஒப்பனை செய்து நடித்தார்களாம். பணக்காரி லொறிக்காரனைக் கட்டலாம். தாண்ட விட்ட வேலி அது ஒன்றுதான்.

“அவங்கள் எழுதி வைச்சாங்கள். நாங்கள் எழுதாமலே வைச்சிருக்கிறம்,” என்றாள் மகள்.

எதைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அந்தப் படங்களைக் கொண்டுவந்து தந்தவன் அவளோடு படிக்கும் பெடியன். போன கிழமை வந்தவனை இருத்தி, “தம்பி எந்த இடம்?” என்று கேட்டேன். வடக்குக் கரையோர ஊர் ஒன்றைச் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். “அங்கை எவடம்?” என்றேன். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டாவது கேள்வி சாதியை அறியக் கேட்பது. அது அவனுக்கும் தெரியும்.

“கடற்கரையோடை, அங்கிள். அப்பா கடலுக்குப் போறவர்.”

நாங்கள் பண்டத்தரிப்பில் தோட்டம் செய்த குடும்பம்; கடலுக்குப் போகிறவர்களோடு சம்பந்தம் செய்ததில்லை. நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

“அவனைத்தான் விரும்புறன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பனோடை வரட்டோ எண்டு கேக்கிறான். வரச் சொல்லட்டோ, வேண்டாமோ?”

நான் பதில் சொல்லுமுன் பண்டத்தரிப்பிலிருந்து அண்ணையின் அழைப்பு வந்தது.

“பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பெடியன் லண்டனிலை.”

“வேண்டாம் அண்ணை. அவள் ஒருத்தனை விரும்புறாள். ஞாயிற்றுக்கிழமை வருகினம்.”

“ஆர் உவன்? எந்த இடம்?”

ஊரைச் சொன்னேன்.

“அங்கை எவடம்?”

என் குரலையே கேட்பதுபோல் இருந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடற்கரையோடை அண்ணை. தகப்பன் கடலுக்குப் போறவர்.”

“சரி, வைக்கிறன்,” என்றார். அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் மணி அடித்து ஓய்கிறது. எங்கள் வாசலை மிதிக்கப்போகிற சொந்தம் எவ்வளவு என்று தெரியவில்லை.

அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்ற மனைவி, “அப்ப ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் வாங்கிறதோ?” என்றாள்.

“அவையளுக்கே சந்தை மீன் வாங்கிக் குடுக்கப் போறியளோ அம்மா? மானம் போகும்! மரக்கறியைச் சமையுங்கோ,” என்று மகள் சிரித்தாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையில் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்க வேண்டும்.