அக்காவின் முகத்துக்குப் பூ கேட்டது

இதை எழுத உட்கார்ந்து எழுந்தே பல வருஷம் போய்விட்டது. சாமி காரியத்தைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயம். அதைவிட, என் அற்ப புத்தி வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சம். இப்போது என் மகளுக்கு முகத்தில் பரு கிளம்பியிருக்கிறது. இனியும் தள்ளக் கூடாது.

செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டில் எங்கள் வீடு. நான் நாலாவது படித்தேன். அக்கா காலேஜ் முடித்திருந்தாள். அவளுக்கு வந்தது சாதாரணப் பரு இல்லை. கன்னம், தாடை, முதுகு எல்லாம் கட்டி கட்டியாக எழும்பிப் பழுத்து உடையும். மல்லாந்து படுக்க முடியாது. காலையில் தலையணை உறையில் சீழும் ரத்தமும் ஒட்டியிருக்கும். நாங்கள் எழுவதற்கு முன்னால் அம்மா அதை அலசிப் போட்டுவிடுவாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு என்னை அழைக்க அக்காதான் வருவாள். "உங்க ஊட்டுப் பலாப்பழம் வந்திருக்குது பாருடி" என்பார்கள் கூடப் படித்தவர்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம், என் சோற்று டப்பாவில் ஒருத்தியும் கை வைக்க மாட்டாள். அக்கா கையை நீட்டுவாள். நான் பிடிக்காமல் விறுவிறுவென்று முன்னால் நடப்பேன். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மஞ்சள், வேப்பிலை, கோயில் விபூதி எல்லாம் ஆன பிறகு விழுப்புரத்தில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம்.

"இதுக்குக் கேக்கற மாத்திரை இருக்குது. ஆனா சாதாரண மாத்திரை இல்ல. உதடு வெடிக்கும், மூக்கு காயும். அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாக்கணும். மனசு சோர்ந்து போனா உடனே வந்து சொல்லணும்" என்றார். பிறகு நைனாவை, அதாவது எங்கள் அப்பாவைப் பார்த்து, "சாப்பிடற வரைக்கும், நிறுத்தின பிறகு ஒரு மாசத்துக்கும் வயித்துல புள்ள தங்கக் கூடாது. தங்கினா புள்ளைக்கு ஊனம் ஆயிடலாம். வேணாம்னு விட்டா முகத்துல குழி குழியா தழும்பு நின்னுடும். யோசிச்சிச் சொல்லுங்க" என்றார்.

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நைனா, "நாள தள்ளி வெக்கச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. பொண்ணு வயித்துல கோளாறுன்னு ஊரே பேசும். மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார்.

"ஒரு நாளு அந்தத் தலகாணி உறைய நீங்க தொவச்சிப் பாருங்க" என்றாள் அம்மா. பிறகு குரலை இறக்கி, "சரி, அம்மன்கிட்ட பூ போட்டுக் கேட்டுடலாம்" என்றாள். நைனாவால் அதை மறுக்க முடியவில்லை.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் வைத்து, சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் மாத்திரை, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று பேச்சு. எடுக்க வேண்டியவள் நான். பொட்டலம் மடிப்பது அம்மா. வெள்ளைக்கு மல்லி, சிவப்புக்குச் செம்பருத்தி என்று அவள் சொல்லக் கேட்டேன். மல்லி மணக்கும், செம்பருத்திக்கு வாசனை கிடையாது. மணக்கிற பொட்டலத்தை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அக்காவின் வலி தீரட்டும் என்று நினைத்தேன் என எழுத ஆசைதான். அப்படி நினைக்கவில்லை. பலாப்பழம் என்று இனி ஒருத்தியும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

கோயில் வாசலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற அக்கா, "எது வந்தாலும் சரிடி. நீ பயப்படாம எடு" என்றாள்.

கும்பிடுவது போலக் குனிந்து மூக்கைக் கொண்டுபோனேன். இரண்டு பொட்டலமும் மணந்தது. ஏமாற்ற வந்ததை அம்மன் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் மல்லி.

நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே சொல்லிட்டா. இனி நான் இன்னா பேசறது?"

"இன்னொண்ணையும் பிரிச்சிக் காட்டும்மா" என்றார் பூசாரி.

"அதான் உத்தரவு ஆயிடுச்சே சாமி" என்று அம்மா அந்தப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டாக்டரம்மா சொன்னதை மாப்பிள்ளை வீட்டில் நைனா அப்படியே சொன்னார். முணுமுணுத்தார்கள், ஆனாலும் காத்திருந்தார்கள். அக்காவுக்கு முதலில் கட்டிகள் அதிகமாயின. உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வந்தது. டாக்டரம்மா கூப்பிட்ட போதெல்லாம் போய் ரத்தம் கொடுத்தாள். மெல்ல மெல்ல முகம் அடங்கியது. சில தழும்புகள் இன்றும் உண்டு. மாத்திரையை நிறுத்தி, டாக்டரம்மா சொன்ன கெடுவும் முடிந்த பிறகே கல்யாணம். பிள்ளைகள் இரண்டும் நன்றாக இருக்கிறார்கள்.

என் திருட்டுப் புத்தியை அம்மன் மன்னித்துவிட்டாள் என்றுதான் ரொம்ப நாள் நம்பினேன். செம்பருத்திப் பொட்டலம் எப்படி மணந்தது என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அந்தச் சன்னிதிக்குச் செம்பருத்தி மட்டுமே கொண்டுபோனாள். தட்டை வைத்துவிட்டு, மற்றவர்களெல்லாம் எழுந்த பிறகும் தரையில் நெற்றியை வைத்தபடியே கிடப்பாள். பசிக்குது வாம்மா என்று நான் அவள் புடவையைப் பிடித்து இழுப்பேன்.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அம்மன் பூவிலேயே முகம் ஆறியது என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். நான் அக்காவின் கையைப் பிடிக்காமல் நடந்ததை விட்டுவிட்டும் சொல்ல வேண்டாம்.