உடைசல் குழி

எழுபதுகளில் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பரிசோதனை மேசை என் பொறுப்பு. ஊறுகாய் ஜாடிகளுக்குப் பூசும் பளபளப்புப் பூச்சை நான்தான் கலந்து கொடுப்பேன். ஒரு மாதம் அந்தப் பூச்சில் மயிரிழை விரிசல் விழத் தொடங்கியது. முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "அடுத்த சூளையிலயும் இப்படியே வந்தா நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா." ஜாடிக்கு வைக்கோல் சுற்றுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்த மேசையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்று மாலை என் கணவர் ஒரு பத்திரிகையோடு வந்தார். பள்ளியில் பௌதிகம் நடத்துபவர். "ஈர்ப்பு விசை கொஞ்சம் கூடக்குறைய இருந்தா நட்சத்திரமே நின்னு எரியாதாம். நாமளும் இல்ல. எல்லா அளவும் நமக்குன்னே வச்ச மாதிரி இருக்குது. யாரோ கலவை போட்டிருக்காங்க, உன்ன விடக் கெட்டிக்காரங்க" என்றார். கிண்டல்தான், ஆனாலும் எரிச்சல் வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. சரியாக வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவர் பேசுகிறார். என் அலமாரியிலும் சரியாக வந்த சோதனைத் துண்டுகள் மட்டும்தானே இருக்கின்றன? கெட்டுப்போனதையெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த குழியில் கொட்டியிருந்தேன்.

மறுநாள் குழியில் இறங்கினேன். "என்னாம்மா தேடுறீங்க, மோதிரமா?" என்று சூளைக்காரர் சிரித்தார்.

"என் தப்பத்தான் தேடுறேன்" என்றேன்.

கை கிழிந்தது, விடவில்லை. ஒவ்வொரு துண்டின் அடியிலும் கலவை எண்ணை இரும்புத்துரு மையில் எழுதியிருந்தேன், அது நெருப்பில் அழியாது. மூன்று நாள் பொறுக்கி, பூச்சில் சேர்க்கும் வெள்ளைக்கல் மாவு குறைந்ததிலிருந்து கூடியதுவரை தரையில் வரிசையாக அடுக்கினேன். மாவு குறைந்த பக்கம் முழுக்க விரிசல். மறுபக்கம் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. நடுவே நல்லவை, ஒரு முழம்கூட இல்லை. என் கலவை அந்த நல்ல பகுதியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. மாவு லேசாகக் குறைந்தாலும் விரிசல் பக்கம் போய்விடும். நல்லதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு விளிம்பு எங்கே தெரியப் போகிறது?

மாவைக் கூட்டி, கலவையை நடுவுக்கு நகர்த்தினேன். சூளை திறந்ததும் முதலாளியே ஒரு ஜாடியில் நீல மையைத் தேய்த்துத் துடைத்தார். விரிசல் இருந்தால் மை அதில் தங்கிவிடும். ஒரு கோடுகூட இல்லை. "மேசை உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் கணவர் விடவில்லை. "அப்ப பிரபஞ்சத்துக்குக் கலவை போட்டது யாரு, சொல்லு."

"நாம விளிம்புல இருக்கோமா, நடுவுல இருக்கோமான்னே தெரியலங்க. கெட்டுப்போன பிரபஞ்சத்தையெல்லாம் கொட்டுன உடைசல் குழி எங்க இருக்குதுன்னு காட்டுங்க. எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.