பத்தாவது பெயர்

அந்த வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியருக்குக் கத்தரி என்று பட்டம் வைத்தது யார் என்று தெரியாது. எந்த நிருபர் நாற்பது வரி எழுதிக் கொடுத்தாலும் பன்னிரண்டு வரியில் நிறுத்திவிடுவார். திட்டிக்கொண்டே போவார்கள். அச்சில் பார்த்தால் அவர் வெட்டியதுதான் சரி என்று தோன்றும். அந்த மரியாதையிலேயே இருபத்திரண்டு வருடம் ஓடியது.

முதலாளி படுத்த படுக்கையானதும் மகன் வந்து உட்கார்ந்தான். விற்பனை பாதியாகிவிட்டது, பத்துப் பேர் வெளியே போக வேண்டும் என்றான்.

"யார் யாருன்னு நீங்களே எழுதிக் கொடுங்க. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும். ஆசிரியர் நாற்காலியும் காலியாத்தானே இருக்கு?"

கத்தரி மறுக்கவில்லை. "நான் எழுதலேன்னா வேற எவனாவது கண்ணை மூடிக்கிட்டு எழுதுவான்" என்றார் மனைவியிடம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் தம்பி பேரு அதுல இல்லையே?"

தம்பி விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான் என்பதே பெரிய வார்த்தை. ஆட்டம் முடியும் முன்பே முடிவை எழுதிக் கொடுத்துப் பத்திரிகையின் மானத்தைக் கப்பலேற்றியவன்.

ஒன்பது பெயர் எழுதியாயிற்று. பத்தாவது மச்சான்தான் என்பதில் சந்தேகமே இல்லை. கத்தரி பேனாவை மூடினார், திறந்தார், நீதிமன்றச் செய்தி எழுதும் பெண்ணின் பெயரை எழுதினார். அவளைவிட நன்றாக எழுத அங்கே ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, எப்படியும் விடுப்பில் போகிறவள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது பட்டியல் மேசை மேலேயே கிடந்தது.

"மேலிடத்து முடிவும்மா. என் கையில ஒண்ணுமில்ல."

"கையெழுத்து உங்களுதுதானே சார்?" என்றாள்.

ஆசிரியர் நாற்காலி பதினோரு மாதம்தான். பிறகு மகன் பத்திரிகையை நிறுத்திவிட்டுக் கட்டடத்தை விற்றான். மச்சான் அதற்கு முன்பே முதலாளி மகனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அவனுடைய விளம்பரக் கம்பெனியில் மேலாளராகிவிட்டான். பத்திரிகையை நிறுத்தப் போகிறார்கள் என்று அத்தானிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

அந்தப் பெண்ணோ மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, வழக்குகளை விளக்கி வீட்டிலிருந்தே ஒரு வீடியோ சேனல் தொடங்கியிருந்தாள். பட்டியலில் இருந்த இரண்டு பேர் கூடச் சேர்ந்தார்கள். மூன்று வருடத்தில் ஒரு மாடி முழுக்க ஆட்கள். 'செய்தி ஆசிரியர் தேவை' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, சட்டையை இரண்டு தடவை மாற்றிக்கொண்டு கத்தரி போனார்.

அவள் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். அந்த மரியாதையே அவருக்கு முள்ளாகக் குத்தியது.

"அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிப்பு..."

"சார், வேலை இருக்கு. உங்களைவிடப் பொருத்தமான ஆளும் கிடைக்காது. ஆனா நான் தர மாட்டேன்."

"வேலைக்காக மட்டும் வரலம்மா."

"உங்களுக்கு வேலை இருந்திருந்தா இந்தப் பக்கம் வந்திருப்பீங்களா?"

கத்தரி எழுந்துகொண்டார். படியிறங்கும்போது பட்டியலில் இருந்த பழைய புகைப்படக்காரர் எதிரே ஏறி வந்தார். அடையாளம் தெரிந்தும் தெரியாதவர்போல், சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். அவள் சொன்னதைவிட அதுதான் நெஞ்சில் சுருக்கென்றது.

"வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்றார் வீட்டில். மனைவி உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

இப்போது மச்சான் மேலாளராக இருக்கும் கம்பெனியில் வீட்டுமனை விளம்பரங்கள் எழுதுகிறார். மச்சான் நன்றாகத்தான் நடத்துகிறான், நாலு பேர் முன்னால் அத்தான் என்று மட்டும் கூப்பிடுவதில்லை. போன வாரம் அவர் எழுதியதைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"ரயில் நிலையத்துலேருந்து பத்து நிமிஷ நடைன்னு போடுங்க சார்."

"நாற்பது நிமிஷம் ஆகுமேப்பா?"

"யாரு நடந்து பாக்கப் போறாங்க?"

கத்தரி பத்து என்று திருத்திக் கொடுத்தார்.