கண்வலிப் பூவும் கார்த்திகைப் பூவும்

இராயபுரத்தில் துவைத்த துணியைக் கொடியிலிருந்து எடுத்ததும் மடிக்கக் கூடாது. முதலில் உதற வேண்டும். ரயில் என்ஜின்களும் துறைமுகத்து நிலக்கரியுமாகச் சேர்ந்து வெள்ளைச் சேலையில் கரிப்பொடி தூவியிருக்கும். நம் திசையன்விளைப் பக்கம் காற்றடித்தால் செம்மண் ஒட்டும், இங்கே கரி. உலகச் சண்டை ஓய்ந்த சமயம் என் கணவர் இங்கே கருப்பட்டி மண்டி வைத்து என்னை அழைத்து வந்தார். வந்த புதிதில் இந்தக் கரியைப் பார்த்து அழுதிருக்கிறேன். நம்முடையது எதுவும் இந்த ஊரில் முளைக்காது என்று தோன்றிவிட்டது. அந்தப் பிடிவாதத்தில்தான், அடுத்த முறை ஊருக்குப் போனபோது, தேரிக்காட்டு உடைமர வேலியடியில் கண்வலிக் கிழங்கு தோண்டிக்கொண்டு ரயிலேறினேன். அது இங்கே ஒரு பூ பூத்துவிட்டால் நான் ஜெயித்தேன், இல்லாவிட்டால் தோற்றேன் என்று எனக்குள் பந்தயம்.

முதல் வருஷம் தோற்றேன். ஆசையில் குடம் குடமாக ஊற்றி அழுக வைத்தேன். தேரிக்காட்டில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? மறு வருஷம் வேறு கிழங்கு கொண்டுவந்து ஒழுங்காகச் செய்தேன். ஊரை விட்டு வந்த பெண்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது, அது ஒடிந்தால் எல்லாம் போச்சு. மண்ணில் பாதிக்கு மணல் கலந்து, ஆடி மாதம், நாலு விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்க வையுங்கள். பக்கத்தில் முள்ளோ குச்சியோ நட்டால் போதும், இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொண்டு ஏறிவிடும். பூத்து முடிந்ததும் கொடி காயும். செத்துவிட்டதென்று தோண்டி எறியாதீர்கள். தண்ணீரை நிறுத்துங்கள், மறு மழைக்குத் தானாக எழும். கிழங்கு கடும் விஷம். பிள்ளைகளும் ஆடும் கிட்டே வரக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும்.

கொடி இடுப்பளவு ஏறியிருந்தபோது, தெருவில் மீன் விற்கும் குப்பம்மாள் கொல்லை வேலிக்கு வெளியே நின்று, "இன்னாம்மா வச்சிகினுகீறே?" என்றாள். நம்மூர் வழக்கப்படி, "கண்வலிப் பூ" என்று சொல்லிவிட்டேன். அதே மாதம் தெரு முழுக்க மெட்ராஸ் ஐ பரவியது. பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஐப்பசியில் ஒரு காலை, குப்பம்மாள் வீங்கிச் சிவந்த கண்களோடு வாசலில் வந்து நின்றாள்.

"எம்மோவ்! கண்ணுவலிய வளத்துகினு கீறியே! தெருவே பேஜாரா கீது. நீ புடுங்குறியா, நான் புடுங்கட்டா?"

"பேருதாம்மா அப்படி. நான் தெனமும் பாக்கேன், என் கண்ணு நல்லாத்தான இருக்கு?"

"பேருலயே கீதே, வேற இன்னா வோணும்?"

என்னைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அன்றுதான் முதல் பூ முழுதாக விரிந்திருந்தது. அடியில் மஞ்சள், மேலே ரத்தச் சிவப்பு, இதழ்கள் எல்லாம் மேல்நோக்கி வளைந்து எரிந்துகொண்டிருந்தன. அவள் நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஐயே! இது எங்க கார்த்திகைப் பூவாச்சே! காட்டுப்பள்ளில எங்கம்மா வூட்டாண்ட மணல்மேடு பூரா இதுதான். இதையா கண்ணுவலின்னே?"

சொல்லிவிட்டு அந்தச் சிவந்த கண்களாலேயே பூவைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். பிறகு தெருவுக்குப் போய்க் கத்தினாள்: "யாரும் கைய வெக்காதீங்கோ! இது நம்ம பூவு!"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் மடியில் வைத்துக் காத்து வந்தது, எண்ணூரைத் தாண்டினால் சும்மா கிடக்கிறதாம்! அப்புறம் சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் அடக்க முடியாத சந்தோஷம். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன், இந்த ஊரும் தோற்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் ஊரிலிருந்து என் தம்பி வந்தான். கொடி நிறையப் பூ. வாயைப் பிளந்துகொண்டு, "இது நம்ம ஊருப் பூல்லாக்கா?" என்றான்.

நான் மார்தட்டிச் சொன்னேன்: "நம்ம ஊருப் பூதாம்லே! காட்டுப்பள்ளில நெறைய கீது."