ஆவுளியாக் கன்றுக்கு என்ன கொடுப்பது

சோலைமுத்துவின் தொழுவத்தில், கால் மடங்கிக் கிடந்த கன்றைத் தேடி முழங்கை வரை கையைப் பசுவுக்குள் விட்டிருந்தபோதுதான் இசைவாணியின் போன் அடித்தது. விடாமல் மூன்று முறை அடிக்கவே, சோலைமுத்துவின் மனைவி முத்துப்பேச்சி அதை எடுத்து அவள் காதில் வைத்தாள்.

இசைவாணி வத்தலக்குண்டுப் பக்கம் கால்நடை டாக்டர். இந்த வேலைக்கு வருமுன் இரண்டு வருடம் தொண்டிக் கரையில், கடற்பசுக்களைக் காக்கும் ஒரு திட்டத்தில் இருந்தாள். ஆவுளியா என்பார்கள் அங்கே. வலையில் சிக்கினால் அறுத்து விட்டுவிடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள். அப்போது பழக்கமான மீனவர் ஆரோக்கியதாஸ்தான் பேசினார்.

"எம் வலைதாம்மா. விடிஞ்சு வந்து பாத்தா தாய் செத்துக் கெடக்கு. குட்டி அதவிட்டு நகர மாட்டேங்குது."

தண்ணீரிலேயே இருக்கட்டும், வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் கன்றின் காலை நிமிர்த்தினாள். கால் மணி நேரத்தில் கிடாரிக் கன்று ஒன்று தரையில் விழுந்து தும்மியது. முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே வைக்கோலை எடுத்துத் துடைத்தாள்.

கை கழுவிவிட்டு, அவர் அனுப்பியிருந்த வீடியோவைப் பார்த்தாள். நாலடி கூட இல்லாத குட்டி, செத்த தாயின் துடுப்புக்கு அடியில் மூஞ்சியை நுழைத்து நுழைத்துப் பார்த்தது. யானைக்குப் போலவே ஆவுளியாவுக்கும் மடி அங்கேதான், முன்னங்காலின் அக்குளில்.

அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"பசும்பால் கறந்து பாட்டில்ல குடுக்கட்டா? உங்க ஊர்ல தாயில்லாக் கன்னுக்குக் குடுக்குறீகள்ல?" என்றார் அவர்.

"வேணாம்ண்ணே. பேருதான் பசு. அந்தப் பாலு அதுக்கு ஒத்துக்காது."

"அப்ப என்னதாம்மா குடுக்கட்டும்?"

"கேட்டுச் சொல்றேண்ணே," என்று போனை வைத்தாள். படித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஐந்தாறு கோடி வருடங்களுக்கு முன் யானைக்கும் இதற்கும் மூதாதை ஒன்று. ஒரு கிளை தரையில் தங்கிவிட்டது. இன்னொன்று கரையோரச் சேற்றில் மேயப்போய் அப்படியே கடலுக்குள் இறங்கிவிட்டது. முன்கால் துடுப்பானது, பின்கால் மறைந்து இடுப்பெலும்பின் மிச்சம் மட்டும் சதைக்குள் நின்றது. இத்தனை மாறியும் மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சில வருடத்துக்கு ஒரு முறை, ஒற்றைக் குட்டி. அதுவும் ஒன்றரை வருடம் தாயை ஒட்டியே பால் குடிக்கும்.

திட்டத்தில் உடனிருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாள். இவ்வளவு சிறியதை வளர்த்த அனுபவம் அவர்கள் யாருக்கும் இல்லை. மற்ற ஆவுளியாக்கள் மேயும் கடற்புல் பக்கம் கொண்டுபோய் விடலாம், வேறு வழியில்லை என்றார்கள். போய்ச் சேரவே அவளுக்கு அரை நாளாகும். போய்த்தான் என்ன செய்வது? சோலைமுத்து நீட்டிய காபியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

மதியம் வனத்துறையினர் வந்து குட்டியைக் கடற்புல் வெளியில் விட்டார்கள். அது மூன்று முறை திரும்பி வந்ததாம். ஆரோக்கியதாஸின் படகுக்கு அடியில் மூஞ்சியைத் தேய்த்ததாம். "படகத் தாயின்னு நெனச்சிருச்சு போல," என்றார் அவர் போனில். மூன்றாம் நாள் குட்டி கரை ஒதுங்கியது. வயிற்றில் இரண்டு புல் இணுக்குகளைத் தவிர ஒன்றுமில்லை என்றார் அறுத்துப் பார்த்த டாக்டர்.

அடுத்த ஞாயிறு அவள் பஸ் ஏறித் தொண்டிக்குப் போனாள். ஆரோக்கியதாஸ் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். வழக்கு வரும் என்று பயந்து கிடந்ததாகவும், ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். இனி எங்கே வலை போடப்போகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

"அங்கனதாம்மா. புல்லு இருக்க எடத்துலதான மீனு இருக்கு. இந்தச் சின்னப் படக வச்சுக்கிட்டு வேற எங்க போவேன்?"

நாலு வருடத்துக்கு முன் இதே கரையில் இதற்கு அவள் சரளமாகப் பதில் சொல்லியிருப்பாள். இப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்து, வலையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.