மூங்கில் குழாயில் ஏறாத கோடு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ‘ஆசாமிக்கு என்ன ஆச்சு?’ என்று நாலைந்து பேர் கார்டு போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ‘உடல்நலக் குறைவு என்று போட்டுவிடலாமா?’ என்றார் ஆசிரியர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசகர்களிடம் எதற்குப் பொய்?

கொல்லிமலையில் ஒரு கவுண்டரின் மூத்திரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்னால் இருதயத்தைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் கையில் கிடைத்தது. படித்ததுதான் தப்பு. நம் கைமுஷ்டி அளவே உள்ள சதை, நிமிஷத்துக்கு எழுபது தரம், பிறந்ததிலிருந்து லீவே எடுக்காமல் அடிக்கிறதாம். அதுவரை அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நான் பாட்டுக்கு இருந்தேன். படித்த நாளிலிருந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். எண்ண எண்ண அது வேகமாக அடித்தது. அடிக்க அடிக்க எனக்கு வேர்த்தது.

என் டாக்டர் நண்பனிடம் போய் நின்றேன். அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தான். “அம்மை குத்துகிற வேலையாக நாளைக் காலை கொல்லிமலை ஏறுகிறேன். நீயும் வா. மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் உன் இருதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்” என்றான்.

“சேராவிட்டால்?”

“நீ சந்தேகப்பட்டது சரி என்று அர்த்தம்.”

காளப்பநாயக்கன்பட்டி வரை கரி பஸ். யுத்தம் வந்தாலும் வந்தது, பஸ்ஸுக்கும் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது! அங்கிருந்து காரவள்ளிக்கு நடை. பிறகு மலை. படி என்று பேர். ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். நாலு இடத்தில் உட்கார்ந்தேன், இரண்டு இடத்தில் உயில் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனாலும் சேர்ந்துவிட்டேன். இருதயம் பாஸ்! கால்தான் பெயில். மறுநாள் காலையில் என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

நாங்கள் தங்கியது பெரக்கரை நாட்டில் ஒரு சின்ன ஊர். அந்த மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு ‘நாடு’. பக்கத்து வீட்டில்தான் வெள்ளையக் கவுண்டர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்கவில்லை. இரண்டு வார்த்தை பேசினால் ஒரு தரம் மூச்சு வாங்கினார்.

“படுத்தா மூச்சு முட்டுதுங்க டாக்டரே. படுத்துப் பதினஞ்சு நாளாச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க... ஒருக்கா நீட்டிப் படுத்துத் தூங்கோணும்.”

“நீர் பிரிகிறதா?” என்றான் டாக்டர்.

பதில் சொன்னது கவுண்டரின் மச்சான் சீரங்கன். அந்த ஊர் வயல்களுக்கெல்லாம் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுகிறவன். “அதாங்க வர மாட்டேங்குது. அடைப்புங்க. வாய்க்கால்ல மண்ணு மேடு தட்டிப் போச்சுன்னா மேல மடையைத் தொறந்து தண்ணியை ஒரே மூச்சா உடுவோமுங்க. மண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிரும். அதுனால மாப்ளைக்கு நாளுக்கு ரெண்டு பானை தண்ணி குடுக்கறேனுங்க. கொள்ளுத்தண்ணி, உப்புக்கஞ்சி... எல்லாம் நானே எடுத்து ஊத்தறேன். ஆனாக் காலுதான் இன்னும் வீங்குதுங்க.”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இருதயம் ஒரு பம்ப் என்று ஆரம்பித்தான். பம்பை யார் பார்த்தார்கள்? சரி, கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை என்றான். அந்த ஊரில் கிணறே கிடையாது. கடைசியில் சீரங்கனையே கேட்டான்: “கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. வாய்க்காலில் அடைப்பும் இல்லை. வேறு என்ன காரணம்?”

“மேல வரத்து இல்லேன்னா கீழ எப்படிங்க போவும்?”

“அவ்வளவுதான். கிடா வெட்டும்போது குண்டிக்காய் பார்த்திருக்கிறாய் அல்லவா? நமக்கும் இரண்டு உண்டு. ரத்தம் அதற்குள் போனால்தான் அது வடிகட்டி நீரைப் பிரித்துக் கீழே அனுப்பும். ரத்தத்தைத் தள்ளிவிடுவது நெஞ்சாங்குலை. உன் மாப்பிள்ளைக்கு அது களைத்துவிட்டது. தள்ளவில்லை. குண்டிக்காய்க்கு வரத்து இல்லை. அது என்ன செய்யும் பாவம்? வெளியே போகவேண்டிய நீர் பள்ளத்தில் தேங்குகிறது, காலில். அதன்மேல் நீ இரண்டு பானை ஊற்றுகிறாய்.”

“அப்ப... நாந்தாங்களா ஊத்தி ஊத்திக் கெடுத்தேன்?” என்றான் சீரங்கன். ஆறடி உயரம், அடிமரம் மாதிரி ஆள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

டாக்டரிடம் டிஜிடாலிஸ் இருந்தது. ஒரு செடியின் இலையில் எடுக்கிற சொட்டு மருந்து. களைத்த இருதயத்தைத் தட்டி வேலை வாங்கும். உப்பு கூடாது. தண்ணீர் நாளுக்கு நாலு ஆழாக்குக்கு மேல் கூடாது. வெளியே வருவதைச் சட்டியில் பிடித்துவைத்துத் தினமும் காலையில் அளக்க வேண்டும்.

“நான் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டு நாலாம் நாள் மத்தியானம் வருவேன்” என்றான். “அதற்குள் அளவு நாலு ஆழாக்கைத் தாண்டிவிட்டால் இங்கேயே வைத்தியம். தாண்டாவிட்டால் டோலி கட்டிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.”

டோலி என்றதும் கவுண்டரின் மனைவி பாப்பாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கவுண்டர் என் கையைப் பிடித்தார். “கீழ வேண்டாஞ் சாமி. டோலியில போனவிய நடந்து வந்ததில்லீங்க” என்றார்.

அளக்க யார்? கால் நடக்காத ஆசாமி ஒருவன் சும்மாத்தானே உட்கார்ந்திருக்கிறான்! டாக்டர் என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

முதல் தகராறு, எதால் அளப்பது? டாக்டரின் கண்ணாடி டம்ளர் மலை ஏறும்போதே உடைந்துவிட்டது. ஆழாக்கைக் கொடம்மா என்றேன். பாப்பாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏனுங்க சாமி, சாமை அளக்கறதுங்க அது. லட்சுமியில்லீங்களா?” நியாயம்தானே? சீரங்கன் ஒரு தடித்த மூங்கில் கணுவை வெட்டி வந்தான். ஆழாக்கு ஆழாக்காகத் தண்ணீர் ஊற்றி, நின்ற இடத்தில் எல்லாம் கத்தியால் கீறினான். ஆறு கோடு. எந்த லாபரேட்டரியிலும் அவ்வளவு சுத்தமான அளவுக்குழாய் கிடையாது.

இரண்டாவது தகராறு, விருந்தாளிகள். அந்த ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆளுக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சியோ மோரோ வரும். வேண்டாம் என்றால் மனஸ்தாபம். ‘எங்கூட்டுக் கஞ்சி ஆகாதுங்களா?’ என்பார்கள். கவுண்டருக்கோ நாலு ஆழாக்குக்கு மேல் ஒரு சொட்டு கூடாது. என்ன செய்வது? அவருக்குப் பதில் நான் குடித்தேன்.

மலைக் குளிர் வேறு. குளிரில் தோலுக்குப் போகிற ரத்தம் குறைந்து உள்ளே திரும்புமாம். குண்டிக்காய்க்கு அன்று வேலை ஜாஸ்தி. கஞ்சியும் குளிரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? அரை மணிக்கு ஒரு தரம் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் இருந்த பலா மரத்துக்குப் போனேன். ஒவ்வொரு தரமும் கவுண்டர் என்னையே பார்ப்பார். “குடுத்து வெச்ச ஒடம்புங்க சாமி” என்பார் ஏக்கத்தோடு. என்னை இதுவரை பலர் பல காரணத்துக்காகப் பாராட்டியிருக்கிறார்கள். இதற்காகப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

முதல் நாள் காலை அளந்தேன். ஒரு கோடுகூட ஏறவில்லை. சுற்றி நின்ற கூட்டம் கலைந்தது.

இரண்டாம் நாள் மூன்று கோடு! மூன்றாம் நாள் ஐந்து! எனக்குத் தலைகால் புரியவில்லை. டோலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. பாப்பாயி குலசாமி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

ஆனால் கவுண்டர் இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தார். மூச்சு வாங்குவது கொஞ்சம்தான் குறைந்திருந்தது. காலை அழுத்திப் பார்த்தேன். குழி அப்படியே இருந்தது. தண்ணீர் வெளியே போனால் வீக்கம் வடிய வேண்டாமோ? உறுத்தத்தான் செய்தது. நல்ல சேதி வந்தபிறகு அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை.

அன்று மத்தியானம் வழக்கம்போலப் பலா மரத்துக்குப் போனேன். சட்டியை அந்த நிழலில்தான் மூடி வைப்பது வழக்கம். மூடி கீழே கிடந்தது. சட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு சீரங்கன்!

நான் கனைத்தேன். அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினான்.

“எத்தனை நாளாக?”

“நேத்தும் இன்னைக்கும் அளந்தீங்களே, அதுல ஒரு கோடு, ஒண்ணரைக் கோடுதாங்க மாப்ளையோடது. பாக்கி என்னோடதுங்க” என்றான். பிறகு உடைந்துவிட்டான். “கீழ கொண்டு போனா மாப்ளை திரும்ப மாட்டாருங்க. நான் ஊத்தின தண்ணிதானுங்களே அவரு காலுல நிக்குது... அதை நானே வெளிய எடுத்து உட்டாப்புல இருக்கட்டுமின்னு...”

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முதலில் வந்தது கோபம். “குழாயில் கோடு ஏறிவிட்டது. கால் வடிந்ததா? நாளைக்கு டாக்டர் இந்த நோட்டை நம்பி, ‘சரியாகிவிட்டது’ என்று இறங்கிப் போய்விடுவான். அப்புறம் உன் மாப்பிள்ளையை யார் பார்ப்பது?” என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. அப்படி அவன் நினைத்தே பார்க்கவில்லை. சட்டியைத் தூக்கிக் கவிழ்த்தான், கழுவி வைத்தான். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குப் போனான். சாயங்காலம் டோலிக்கு இரண்டு நீள மூங்கில் வெட்டி வந்து வாசலில் போட்டான். போட்டுவிட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பாமலே போய்விட்டான். நான் நோட்டில் எழுதியதை அடித்தேன். எனக்கும் வெட்கமாக இருந்தது. அளக்கிறவன் ஆசைப்படலாமா?

நாலாம் நாள் விடிந்து வெயில் ஏறியிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. வாசலில் கிடந்த மூங்கிலைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். சட்டியைத் தூக்கினேன், கனத்தது. சீரங்கனைப் பார்த்தேன். “சத்தியமா நான் இல்லீங்க!” என்று அலறினான்.

பாப்பாயி சட்டியை வாங்கிக்கொண்டாள். குழாயில் ஊற்றினாள். களத்தில் தானியம் அளந்த வாய் அல்லவா? பழக்க தோஷம், தானாக வந்தது. “லாபம்...” என்றாள். ஒன்று என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். “ரெண்டு... மூணு... நாலு...” ஆறு கோடும் நிறைந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். “ஏழு... எட்டு... ஒம்பது!”

ஊரே ஓ என்று கத்தியது. கலெக்டர் வந்திருந்தால்கூட அப்படி ஒரு ஆரவாரம் கிடைத்திருக்காது. நான் காலை மறந்து குதித்தேன். வலியில் உயிர் போனது.

கவுண்டர் காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்தது, ஆனால் முந்தின நாள் ஆழம் இல்லை. அவர் மெதுவாகச் சரிந்தார். ஒருக்களித்தார். பாயில் முதுகை வைத்துக் காலை நீட்டினார். மூச்சு முட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பட்டப்பகலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், குறட்டை விட ஆரம்பித்தார். சீரங்கன் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு கஞ்சிச் சொம்போடு வந்தவர்களையெல்லாம் கையாலேயே விரட்டினான்.

டாக்டர் மத்தியானம் வந்தான். கவுண்டரின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “இருதயம் வேலைக்குத் திரும்பிவிட்டது. இனிமேல் மருந்தை விடக்கூடாது, உப்பைத் தொடக்கூடாது. டோலி வேண்டாம்” என்றான். வெட்டிய மூங்கிலைச் சீரங்கன் அவரைக்கொடிப் பந்தலுக்குக் காலாக நட்டுவிட்டான். நோட்டில் அடித்திருந்ததைப் பார்த்து, ‘இது என்ன?’ என்று கேட்டான் டாக்டர். சொன்னேன். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்து அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான் இப்போது மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவதில்லை. அது பாட்டுக்கு அடிக்கட்டும்.

பாசத்துக்காக உயிரையே கொடுப்பேன் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை... சீரங்கன் தன்னால் ஆனதைக் கொடுத்தான்!